455 குதிரைகளுக்கு எந்த எண்ணெய்?

ஒரு வேகக் காரின் விலை பல லட்சம் ரூபாய். அதில் ஊற்றும் எண்ணெயின் விலை சில ஆயிரம் ரூபாய். அந்தச் சில ஆயிரம் ரூபாய்ப் பொருள் சரியில்லை என்றால், பல லட்சம் ரூபாய்ப் பொருள் பழைய இரும்பாகிவிடும்!

இது தெரியாதவர்கள் இல்லை. தெரிந்தும் தவறு செய்கிறவர்கள்தான் அதிகம். காரணம் என்ன?

வேகக் கார் வைத்திருப்பவர்கள் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "உங்களிடம் இருப்பதில் எது உயர்ந்த எண்ணெய்?" என்பதே அந்தக் கேள்வி.

கேள்வியே தவறு. கேள்வி தவறானால் பதில் எப்படிச் சரியாக இருக்கும்?

"இந்தக் காருக்கு, இந்த ஆண்டு மாடலுக்கு, இந்தப் பாகத்துக்கு எது ஏற்ற எண்ணெய்?" என்று கேட்க வேண்டும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர் அல்ல. காருடன் வந்த புத்தகம்!

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம்.

இரண்டு கியரில் தொடங்கிய கார்

அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் பௌலிங் கிரீன் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1981-ம் ஆண்டு முதல் "கார்வெட்" என்ற வேகக் கார் அங்கே தயாராகிறது. செவர்லே என்ற பெயரில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி விற்கும் கார் இது.

முதல் கார்வெட் 1953-ம் ஆண்டில் வெளிவந்தது. அந்த ஆண்டில் செய்த கார்கள் 300 மட்டுமே. அத்தனையும் வெள்ளை நிறம்! அதில் 6 சிலிண்டர் என்ஜின் இருந்தது. தானாக மாறும் கியர். அந்தக் கியர்களும் இரண்டே இரண்டுதான்.

2014 முதல் 2019 வரை வந்த ஏழாவது தலைமுறைக் கார்வெட் எப்படிப்பட்டது தெரியுமா? 8 சிலிண்டர். 6.2 லிட்டர் என்ஜின். 455 குதிரை சக்தி! நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு மணிக்கு 96 கிலோமீட்டர் வேகத்தை எட்ட அதற்கு 4 வினாடி கூட வேண்டியதில்லை.

இந்த 455 குதிரைகளையும் காப்பாற்றுவது எது? இரும்பு அல்ல. அலுமினியம் அல்ல. எண்ணெய்தான்.

தலைமயிரை விட மெல்லிய திரை

என்ஜின் முழு வேகத்தில் ஓடும்போது அதன் நடுத்தண்டு நிமிடத்துக்கு 6 ஆயிரம் தடவைக்கு மேல் சுழல்கிறது. அதாவது ஒரு வினாடியில் 100 சுற்று! ஒவ்வொரு பிஸ்டனும் அதே ஒரு வினாடிக்குள் 100 தடவை மேலே போய்க் கீழே வருகிறது.

சுழலும் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது. அந்தச் சந்து தலைமயிரின் பருமனை விடக் குறைவு. அதில் எண்ணெய் நிற்கிறது. தண்டு உலோகத்தின் மேல் ஓடுவதில்லை. எண்ணெயின் மேல் மிதந்து ஓடுகிறது!

அந்த மெல்லிய திரை ஒரு விநாடி அறுந்தால் போதும். உலோகமும் உலோகமும் உரசும். சூடேறும். பேரிங் உருகும். என்ஜின் அங்கேயே நிற்கும்.

எண்ணெயின் வேலை இதோடு முடிவதில்லை. பிஸ்டனின் அடிப்புறத்தில் பீய்ச்சி அடித்து அதைக் குளிர வைக்கிறது. கரியையும் தூளையும் சுமந்து சென்று வடிகட்டியில் சேர்க்கிறது. இன்னொரு வேலையும் உண்டு. கார் நிதானமாகப் போகும்போது இந்த என்ஜினில் 8 சிலிண்டர்களில் 4 ஓய்வெடுக்கும். அப்படி ஓய்வெடுக்கச் செய்வதே எண்ணெயின் அழுத்தம்தான். மிக நுண்ணிய துவாரங்கள் வழியாக ஓடி எண்ணெய் இந்த வேலையைச் செய்கிறது.

இத்தனை வேலை செய்யும் பொருளை "ஏதோ ஒரு டப்பா" என்று வாங்கலாமா?

தேங்காய் எண்ணெய் சொல்லும் பாடம்

எண்ணெய் டப்பாவின் மேல் "5 டபிள்யூ-30" என்று எழுதியிருக்கும். சிலவற்றில் "0 டபிள்யூ-40" என்று இருக்கும். பலரும் இதைப் படிப்பதே இல்லை. ஏதோ கணக்கு என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் இது மிகவும் எளியது.

மார்கழி மாதக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தால் என்ன ஆகும்? எண்ணெய் உறைந்து கிடக்கும். கொஞ்சம் வெயிலில் வைத்தால் தண்ணீர் போல ஓடும். எண்ணெய்க்கு உள்ள குணமே அதுதான். குளிரில் கெட்டிப்படும், சூட்டில் நீர்த்துப் போகும்.

என்ஜின் எண்ணெய்க்கும் இதே குணம்தான். ஆனால் குளிரிலும் அது ஓட வேண்டும். கொதிக்கும் சூட்டிலும் நீர்த்துவிடக் கூடாது. இந்த இரண்டையும் சொல்லவே இரண்டு எண்கள்.

"டபிள்யூ" என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண் சிறியதாக இருந்தால், குளிரில் எண்ணெய் எளிதாக ஓடும். "0 டபிள்யூ" எண்ணெயைப் பூஜ்யத்துக்குக் கீழே 35 டிகிரி குளிரில் வைத்துச் சோதிக்கிறார்கள். பின்னால் உள்ள எண் சூட்டுக்கு உரியது. 100 டிகிரி சூட்டில் எண்ணெய் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று அளந்து அந்த எண்ணைக் கொடுக்கிறார்கள். 30-ஐ விட 40 கெட்டி. 40-ஐ விட 50 கெட்டி.

அமெரிக்க மோட்டார் என்ஜினீயர்கள் சங்கம் 1905-ல் தோன்றியது. எண்ணெயை இப்படித் தரம் பிரிக்கும் முறையை அது 1911-லேயே தொடங்கிவிட்டது. நூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் இந்த எண்ணைப் படிக்காமல் எண்ணெய் வாங்குகிறார்கள் என்றால் குற்றம் யாருடையது?

கெட்டி எண்ணெய் பலமான எண்ணெயா?

"வேகக் காருக்குக் கெட்டி எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். அதுதான் என்ஜினைத் தாங்கும்." ஒர்க்ஷாப்புகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. விரல்களுக்கு நடுவே எண்ணெயைத் தேய்த்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவர்களும் உண்டு.

இது பழைய நம்பிக்கை. முழுப் பொய் என்று சொல்ல முடியாது. பந்தயத் திடலில் என்ஜின் கொதிக்கக் கொதிக்க ஓடும்போது, மெல்லிய எண்ணெய் இன்னும் நீர்த்துப் போகும். அங்கே கெட்டி எண்ணெய் உதவும்.

ஆனால் அந்தக் கார் தினமும் பந்தயத் திடலிலா ஓடுகிறது? காலையில் புறப்படும்போது என்ஜின் குளிர்ந்து கிடக்கிறது. இரவெல்லாம் எண்ணெய் கீழே வடிந்துவிட்டது. சாவியைத் திருப்பியதும் எண்ணெய் மேலே ஏறி எல்லாப் பாகங்களையும் நனைக்க வேண்டும். கெட்டி எண்ணெய் மெதுவாகத்தான் ஏறும். அது வந்து சேரும் வரை உலோகங்கள் போதிய எண்ணெய் இல்லாமல் உரசும்! நுண்ணிய துவாரங்களிலும் அது தடுமாறும்.

ஆகவே கெட்டி என்பது பலம் அல்ல. மெல்லியது என்பது பலவீனமும் அல்ல. ஏற்றதுதான் பலம்.

ஒரே என்ஜின், இரண்டு புத்தகம்!

கார்வெட் காரின் கதையே இதற்குச் சாட்சி.

2014 முதல் 2018 வரை வந்த கார்வெட் கார்களின் புத்தகம் சாலையில் ஓட்ட "5 டபிள்யூ-30" எண்ணெயைச் சொன்னது. பந்தயத் திடலில் ஓட்டுவதானால் "15 டபிள்யூ-50" எண்ணெயை ஊற்றச் சொன்னது. திடலிலிருந்து திரும்பியதும் அதை வடித்துவிட்டு மறுபடியும் பழைய எண்ணெய்!

2019 மாடலில் இது மாறிவிட்டது. சாலைக்கும் திடலுக்கும் சேர்த்து ஒரே எண்ணெய். "0 டபிள்யூ-40" என்பது அது. குளிரில் பழையதை விட எளிதாக ஓடும். சூட்டில் பழைய சாலை எண்ணெயை விடக் கெட்டியாக நிற்கும்.

கார் அதே கார். என்ஜின் அதே என்ஜின். ஆண்டு மாறியது, எண்ணெய் மாறியது. "என் நண்பர் கார்வெட் வைத்திருக்கிறார், அவர் இதைத்தான் ஊற்றுகிறார்" என்று சொல்லி எண்ணெய் வாங்குகிறவரின் கதி என்ன? நண்பருடைய கார் எந்த ஆண்டுக் கார் என்று அவர் கேட்டாரா?

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். "கம்பெனி பெட்ரோல் மிச்சத்துக்காகத்தான் மெல்லிய எண்ணெயைச் சொல்கிறது. அமெரிக்க அரசாங்கத்தின் பெட்ரோல் சிக்கன விதிகளுக்குப் பயந்து சொல்கிறது. என்ஜினின் நன்மைக்காகச் சொல்லவில்லை" என்பார்கள்.

இதில் உண்மை உண்டு. மெல்லிய எண்ணெய் பெட்ரோலை மிச்சப்படுத்தும். அந்த விதிகளும் உண்மையே. ஆனால் அதே கம்பெனிதானே பிறகு 40-க்கு மாறியது? கம்பெனி சோதித்துப் பார்த்து மாற்றுகிறது. மாற்றியதை எழுத்தில் தருகிறது. பழுது வந்தால் அந்த எழுத்தைக் காட்டி நியாயம் கேட்கலாம். விரலில் தேய்த்துப் பார்த்துச் சொன்னவரிடம் எதைக் காட்டி நியாயம் கேட்பது?

குளிர்ந்த என்ஜின் பொய் சொல்லும்

சரியான எண்ணெய் வாங்கினால் மட்டும் போதாது. சரியான அளவும் வேண்டும்.

தண்ணீர்க் குடத்தை மாட்டு வண்டியில் வைத்து வேகமாக வளைந்தால், தண்ணீர் ஒரு பக்கமாகச் சாயும். வேகக் கார் வளையும்போது எண்ணெயும் அப்படித்தான் சாய்கிறது. அப்போது பம்ப் எண்ணெய்க்குப் பதில் காற்றை உறிஞ்சினால் ஆபத்து. இதற்காகத் திடலில் ஓட்டத் தகுந்த கார்வெட் கார்களில் எண்ணெய்க்கு என்று தனித் தொட்டி இருக்கிறது. ஒன்பது லிட்டருக்கு மேல் எண்ணெய் பிடிக்கும்.

இந்தத் தொட்டியில் ஒரு சூட்சுமம் உண்டு. கார் பல மணி நேரம் நின்றால் தொட்டியிலிருந்து எண்ணெய் என்ஜினுக்குள் வடிந்துவிடும். அப்போது அளவுக் கம்பியை எடுத்துப் பார்த்தால் எண்ணெய் குறைந்தது போலக் காட்டும். "ஐயோ, எண்ணெய் இல்லை!" என்று இன்னும் இரண்டு லிட்டர் ஊற்றிவிடுவார்கள். எண்ணெய் அளவுக்கு மிஞ்சினால் நுரைக்கும். நுரைத்த எண்ணெய் உலோகத்தைக் காக்காது.

என்ஜினை நன்றாகச் சூடேற்றி, நிறுத்தி, சில நிமிடம் கழித்துத்தான் அளவு பார்க்க வேண்டும். இதுவும் புத்தகத்தில் இருக்கிறது!

வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும்

என்ஜின் எண்ணெயைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள்கூட, கியர் பெட்டி எண்ணெயை மறந்துவிடுகிறார்கள். "எல்லாம் எண்ணெய்தானே?" என்பது அவர்கள் எண்ணம்.

நல்லெண்ணெயும் எண்ணெய்தான். விளக்கெண்ணெயும் எண்ணெய்தான். அதற்காக விளக்கெண்ணெயில் யாராவது முறுக்கு சுடுவார்களா?

என்ஜின் எண்ணெயின் முக்கிய வேலை உரசலைக் குறைப்பது. தானாக மாறும் கியர் பெட்டியில் உள்ள எண்ணெய்க்கு இரட்டை வேலை. பற்சக்கரங்கள் உரசாமல் அது வழுக்க வேண்டும். அதே சமயம் உள்ளே அடுக்கடுக்காக இருக்கும் கிளட்ச் தட்டுகள் ஒன்றை ஒன்று இறுகப் பிடிக்கவும் அது இடம் கொடுக்க வேண்டும். வழுக்கல் அதிகமானால் தட்டு பிடிக்காது. பிடிப்பு திடீரென்று வந்தால் கார் குலுங்கும். இந்த இரண்டுக்கும் நடுவே மயிரிழையில் நிற்கிறது அந்த எண்ணெய்.

அது பெரும்பாலும் சிவப்பாக இருப்பதைப் பலர் பார்த்திருக்கலாம். அது இயற்கை நிறம் அல்ல; கலந்த சாயம். காருக்கு அடியில் சொட்டினால், ஒழுகுவது என்ஜின் எண்ணெயா, கியர் எண்ணெயா என்று உடனே தெரிய வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு.

கையால் மாற்றும் கியர் பெட்டியிலும் ஏமாறுகிறவர்கள் உண்டு. 1997 முதல் 2004 வரை வந்த கார்வெட் காரில் கையால் மாற்றும் 6 கியர் பெட்டி கிடைத்தது. "கியர் பெட்டி என்றால் கெட்டியான கியர் ஆயில்" என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்தப் பெட்டிக்குக் கம்பெனி சொன்னது, தானியங்கிக் கியருக்கு ஊற்றும் மெல்லிய "டெக்ஸ்ரான்" எண்ணெயை! காரின் பின் அச்சுக்கோ கெட்டியான கியர் ஆயில். ஒரே காரில் மூன்று இடம், மூன்று எண்ணெய்!

கியர் ஆயிலிலும் பிரிவு உண்டு. "ஜி.எல்.-4" என்று ஒன்று, "ஜி.எல்.-5" என்று மற்றொன்று. 5 என்றதும் அது 4-ஐ விட உயர்ந்தது என்று நினைத்து வாங்குகிறார்கள். பின் அச்சின் பெரும் பாரத்தைத் தாங்குவதற்காக ஜி.எல்.-5 எண்ணெயில் கந்தகச் சேர்க்கை அதிகம். பல கியர் பெட்டிகளில் உள்ள பித்தளை வளையங்களுக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. கியர் சரியாக விழாது. பெரிய எண் எப்போதும் பெரிய நன்மை அல்ல!

விளக்கெண்ணெயும் திமிங்கிலமும்

எது நல்ல எண்ணெய் என்ற தீர்ப்பு காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. அந்த வரலாறு சுவையானது.

"காஸ்ட்ரால்" என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. 1909-ல் இங்கிலாந்தில் வைத்த பெயர் அது. எங்கிருந்து வந்தது அந்தப் பெயர்? ஆமணக்கு எண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்துதான்! பாட்டிமார் பேரப் பிள்ளைகளுக்கு வயிற்றுக்குக் கொடுக்கும் அதே விளக்கெண்ணெய், ஒரு காலத்தில் பந்தயக் கார்களிலும் முதல் உலகப் போர் விமானங்களிலும் ஓடியது. சூட்டில் அதன் வழுவழுப்பு எளிதில் கெடாது. ஆனால் அது என்ஜினுக்குள் பிசின் போலப் படிந்துவிடும். அடிக்கடி மாற்ற வேண்டும். நல்ல குணமும் உண்டு. கெட்ட குணமும் உண்டு.

தானியங்கிக் கியர் எண்ணெயின் கதை இதை விட ஆச்சரியம். 1939-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் தானியங்கிக் கியரை 1940 மாடல் கார்களுக்காக வெளியிட்டது. 1949-ல் அதற்கென்று எண்ணெய்த் தரம் ஒன்றை வகுத்தது. 1967-ல் "டெக்ஸ்ரான்" என்ற தரம் வந்தது. கிளட்ச் தட்டுகள் குலுங்காமல் பிடிப்பதற்காக அந்தக் காலத்து எண்ணெயில் எதைச் சேர்த்தார்கள் தெரியுமா? திமிங்கில எண்ணெயை!

1970-களின் தொடக்கத்தில் திமிங்கிலங்களைக் காக்க அமெரிக்கா சட்டம் போட்டது. திமிங்கில எண்ணெய் நின்றது. அதற்குப் பதிலாக வேறு பொருள் தேட வேண்டியதாயிற்று. எண்ணெயின் செய்முறை மாறியது. தரத்தின் பெயரும் மாறியது. "என் அப்பா காலத்திலிருந்து இதைத்தான் ஊற்றுகிறோம்" என்று பேசுகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அப்பா ஊற்றிய எண்ணெய் இன்று கடையிலேயே இல்லை!

நடுங்கிய கார்

"புத்தகத்தை நம்பு" என்று சொல்வது எளிது. புத்தகமே தவறினால்?

அதுவும் நடந்தது. 2015 மாடல் முதல் கார்வெட் காரில் தானாக மாறும் 8 கியர் பெட்டி வந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் மற்றப் பல கார்களிலும், சரக்கு வண்டிகளிலும் அந்தப் பெட்டி அமைந்தது. சில காலத்தில் புகார்கள் கிளம்பின. நிதானமான வேகத்தில் போகும்போது கார் நடுங்குகிறது. மேடு பள்ளமான சாலையில் போவது போல அதிர்கிறது என்றார்கள். வழக்குகளும் எழுந்தன.

காரணத்தில் ஒன்று எண்ணெய்! முதலில் ஊற்றிய எண்ணெய் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டது. ஈரம் சேர்ந்ததும் கிளட்ச் தட்டின் பிடிப்பு கெட்டது. 2019-ல் கம்பெனி தன் ஒர்க்ஷாப்புகளுக்கு அனுப்பிய குறிப்பு, பழைய எண்ணெயை முழுவதும் கழுவி வெளியேற்றிவிட்டுப் புதிய வகை எண்ணெயை ஊற்றச் சொன்னது. கழுவாமல் பாதியை மட்டும் மாற்றினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

இதிலிருந்து இரண்டு பாடம் கிடைக்கிறது. பெரிய கம்பெனியும் தவறும் என்பது ஒன்று. அந்தத் தவறு திருந்தியதும் எழுத்து மூலம்தான் என்பது மற்றொன்று. காரோடு வந்த பழைய புத்தகத்தைப் படித்தால் மட்டும் போதாது. பிறகு வந்த குறிப்பு ஏதேனும் உண்டா என்றும் கேட்க வேண்டும். கேட்டவர்களின் கார் நடுக்கம் நின்றது. "வேகக் கார் என்றால் கொஞ்சம் நடுங்கும்" என்று சும்மா இருந்தவர்களுக்கு என்ன கிடைத்திருக்கும்?

"ஆயுள் முழுவதும்" யாருடைய ஆயுள்?

"இந்தக் கியர் எண்ணெயை ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டாம்" என்று சில கார் கம்பெனிகள் சொல்கின்றன. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் யாருடைய ஆயுள்? காரின் ஆயுளா? முதல் சொந்தக்காரர் வைத்திருக்கும் காலமா?

ஜெர்மனியில் இசட்.எப். என்ற பெரிய கியர் பெட்டிக் கம்பெனி இருக்கிறது. பல உயர்ந்த கார்களுக்கு அது பெட்டி செய்து கொடுக்கிறது. 80 ஆயிரம் முதல் 1 லட்சத்து 20 ஆயிரம் கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டுக்குள், எண்ணெயை மாற்றச் சொல்கிறது அந்தக் கம்பெனி. பெட்டியைச் செய்தவனே மாற்றச் சொல்லும்போது, விற்றவன் வேண்டாம் என்றால் யாரை நம்புவது? செய்தவனைத்தான் நம்ப வேண்டும். வேகமாக ஓட்டுகிறவர்கள் இன்னும் முன்னதாகவே மாற்றுவது புத்திசாலித்தனம்.

டப்பாவில் எதைப் படிக்க வேண்டும்?

எண்ணெய் டப்பாவின் மேல் பந்தயக் கார் படம் இருக்கும். தங்க நிற எழுத்து இருக்கும். அவற்றைப் பார்க்க வேண்டாம். பார்க்க வேண்டியது மூன்றுதான்.

முதலாவது, கெட்டித்தன்மை எண். புத்தகத்தில் உள்ள எண்ணும் டப்பாவில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, தர எழுத்து. அமெரிக்கப் பெட்ரோலியச் சங்கம் பெட்ரோல் என்ஜின் எண்ணெய்களுக்கு "எஸ்" என்று தொடங்கும் இரண்டு எழுத்து கொடுக்கிறது. இரண்டாவது எழுத்து பின்னால் போகப் போகத் தரம் புதியது. "எஸ்.பி." என்ற தரம் 2020-ல் வந்தது. இங்கே ஓர் எச்சரிக்கை! ஆங்கிலத்தின் இரண்டாவது எழுத்தைக் கொண்ட மிகப் பழைய தரமும் தமிழில் சொன்னால் "எஸ்.பி."தான். ஆகவே வாயால் சொல்லி வாங்காமல், எழுத்தைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்க வேண்டும். எல்லாவற்றிலும் பழைய தரம் "எஸ்.ஏ." என்பது. 1930-க்குப் பிறகு வந்த பெரும்பாலான பெட்ரோல் என்ஜின்களுக்கு அது ஆகாது என்று அந்தச் சங்கமே சொல்கிறது.

மூன்றாவது, கார் கம்பெனியின் சொந்த அங்கீகாரம். ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்களுக்கு "டெக்ஸோஸ்" என்ற முத்திரையை வைத்திருக்கிறது. அதிலும் உட்பிரிவு உண்டு. 2019 கார்வெட் காருக்கு "டெக்ஸோஸ் 2". பிறகு வேகக் கார்களுக்கென்று "டெக்ஸோஸ் ஆர்" வந்தது. முத்திரையின் பெயர் மட்டும் அல்ல, பிரிவும் பொருந்த வேண்டும்.

கியர் எண்ணெயில் இன்னும் அதிக எச்சரிக்கை தேவை. "எல்லா வண்டிக்கும் ஏற்றது" என்று எழுதிய டப்பாக்கள் கடையில் உண்டு. 2020 மாடலாக வந்த எட்டாவது தலைமுறைக் கார்வெட் காரில் இரட்டைக் கிளட்ச் கியர் பெட்டி இருக்கிறது. அதற்கென்று தனி எண்ணெய். பழைய கார்வெட் காரின் டெக்ஸ்ரான் எண்ணெயை அதில் ஊற்றக் கூடாது. பெயர் ஒன்று என்பதற்காக உள்ளே இருப்பதும் ஒன்றாகிவிடுமா?

"இந்தச் சின்னப் புட்டியை எண்ணெயோடு கலந்தால் என்ஜின் புதிது போல ஆகிவிடும்" என்றும் விற்பார்கள். நல்ல எண்ணெயில் வேண்டிய மருந்தெல்லாம் அளவோடு ஏற்கெனவே கலந்துதான் வருகிறது. சமைத்து இறக்கிய சாம்பாரில் மறுபடியும் ஒரு பிடி உப்பைப் போட்டால் ருசி கூடுமா?

வாசலில் நிற்கும் வண்டிக்கும் இதே விதி

கார்வெட் கார் எல்லோர் வீட்டிலும் இருக்காது. ஆனால் மோட்டார் சைக்கிள் பல வீடுகளில் இருக்கிறது. விதி அதற்கும் அதேதான்.

பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் என்ஜின், கிளட்ச், கியர் பெட்டி மூன்றும் ஒரே எண்ணெயில் நனைகின்றன. அதாவது வழுக்கவும் பிடிக்கவும் ஒரே எண்ணெய்! பெட்ரோல் மிச்சத்துக்காகச் செய்த கார் எண்ணெயை அதில் ஊற்றினால் கிளட்ச் நழுவலாம். வண்டி உறுமும், வேகம் வராது. அதற்காகவே "ஜாசோ எம்.ஏ." என்ற முத்திரை இருக்கிறது. கியர் இல்லாத ஸ்கூட்டருக்கோ கணக்கு வேறு. அதன் கிளட்ச் எண்ணெயில் நனைவதில்லை. பின் சக்கரத்தருகே கியர் எண்ணெய் தனியாக இருக்கும்.

மகனுக்கு வாங்கித் தந்த வண்டியின் கிளட்ச் கெட்டால், நடுத்தரக் குடும்பத்தில் ஒரு மாத மளிகைச் செலவே ஆட்டம் காணும். கார்வெட் முதலாளிக்கு ஏற்படும் நஷ்டத்தை விட அந்த நஷ்டம்தான் பெரியது!

ஆகவே விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். விளம்பரத்தைப் பார்த்தும் மயங்க வேண்டாம். மெக்கானிக்கின் அனுபவத்துக்கு மதிப்புக் கொடுக்கலாம். ஆனால் அவரையும் புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் பார்க்கச் சொல்லலாம். நல்ல மெக்கானிக் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். பெரியவர்களுக்கு அந்த எழுத்துகள் புரியவில்லை என்றால், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லலாம். இரண்டு எண், இரண்டு எழுத்து. அவ்வளவுதான்!

முதலில் புத்தகத்தைத் திறக்க வேண்டும். அடுத்து டப்பாவைத் திருப்பிப் படிக்க வேண்டும். பணப்பையைத் திறப்பது அதற்குப் பிறகுதான்.